சத்துமாவு பாக்கெட்டுக்கு ஊட்டச்சத்து அட்டவணை போடுவது எப்படி: ஆய்வகத்துக்குப் போகும் முன்னும் பின்னும்

கோபி, பெருந்துறை, தாராபுரம் பக்கம் வீட்டிலேயே சத்துமாவு, கொள்ளுப்பொடி, முளைகட்டிய ராகிமாவு செய்து விற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். மாவு அரைப்பதிலும் விற்பதிலும் யாருக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. குழப்பமெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கம் போட வேண்டிய அந்தச் சின்னக் கட்டத்தில்தான். புரதம் இத்தனை கிராம், கொழுப்பு இத்தனை, கார்போஹைட்ரேட் இத்தனை என்று போட வேண்டும். அந்த எண்கள் எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்பது, எவ்வளவு பணம் ஆகும் என்று ஒரே இடத்தில் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் வரும் கார்போஹைட்ரேட் எண்ணைப் பெரும்பாலும் யாரும் நேராக அளப்பதில்லை. நூறிலிருந்து ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் (மாவை எரித்தபின் மிஞ்சும் தாதுப்பொருள்) நான்கையும் கழித்து, மிச்சம் இருப்பதைக் கார்போஹைட்ரேட் என்று போடுகிறார்கள். அந்த நான்கில் எதில் பிசகு வந்தாலும் அது நேராகக் கார்போஹைட்ரேட் கணக்கில் வந்து விழும். கீழே சொல்லும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவைதான்.

1. உங்கள் பொருளுக்கு அட்டவணை தேவையா என்று பாருங்கள்

2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள்படி பாக்கெட் உணவுகளுக்கு ஊட்டச்சத்து அட்டவணை வேண்டும். ஆனால் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மசாலாப் பொருள், உப்பு, சர்க்கரை, வெல்லம், டீத்தூள் போன்றவை அதில் வரும். ஈரோட்டு மஞ்சளைத் தூளாக்கி விற்கிறவரும், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை அப்படியே பாக்கெட் போடுகிறவரும் இதற்காக ஆய்வகச் செலவு செய்ய வேண்டியதில்லை. நான்கைந்து தானியம், பயறு கலந்த சத்துமாவு என்றால் தேவை.

அதற்கு முன்னால், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணோ உரிம எண்ணோ கையில் இருக்க வேண்டும். வருட விற்பனையைப் பொறுத்து எது என்பது மாறும். விண்ணப்பிக்கும் அன்றைக்கு, இந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் உள்ள வரம்பையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தில் என்ன முகவரி கொடுக்கிறீர்களோ அதே முகவரிதான் லேபிளிலும் ஆய்வக ரிப்போர்ட்டிலும் வர வேண்டும். வீடு ஒரு ஊரிலும் மாவு அரைக்கும் இடம் வேறு ஊரிலும் இருந்தால், எந்த முகவரி என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

2. கலவையை எடை போட்டு எழுதி வையுங்கள்

கைப்பக்குவத்தில் ஒரு படி ராகி, அரைப்படி கம்பு என்று போடும் வழக்கம் இதற்கு ஒத்துவராது. ஒவ்வொன்றையும் கிலோவில் எடை போட்டு, சதவீதமாக்கி, ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகு கலவையை மாற்றினால் கொடுத்த பணம் வீண்.

இந்தத் தாளை வைத்தே ஒரு தோராயக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. அதன்படி 100 கிராமில் புரதம் ராகிக்கு சுமார் 7 கிராம், கம்புக்கு 11, கொள்ளுக்கும் பாசிப்பயறுக்கும் 22, நிலக்கடலைக்கு 24. ராகி 50, கம்பு 20, கொள்ளு 10, பாசிப்பயறு 10, கடலை 10 என்ற கலவையை எடுத்துக்கொள்வோம். 3.5 + 2.2 + 2.2 + 2.2 + 2.4, மொத்தம் 12.5 கிராம் புரதம் வரும். கொழுப்பு சுமார் 6 கிராம். அதில் 4 கிராம் அந்தப் பத்துப் பங்கு கடலையிலிருந்து மட்டும் வருகிறது.

அந்த ஹைதராபாத் அட்டவணை உங்கள் மாவை அளந்து போட்டதல்ல, அதனால் இந்தக் கணக்கை அப்படியே லேபிளில் ஏற்றாதீர்கள். ஆனால் ஆய்வகத்திலிருந்து புரதம் 19 என்றோ 6 என்றோ வந்தால், எங்கேயோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். இந்தக் கணக்கு கையில் இல்லாதவர்கள் வந்த எண்ணை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

3. வீட்டில் செய்து பார்க்கும் நிறச் சோதனைகள்

இவை பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்யும் சோதனைகள்தான். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். ஆனாலும் வாங்கும் சரக்கைப் பார்க்கவும், ரிப்போர்ட்டில் வருவது என்னவென்று புரிந்துகொள்ளவும் நன்றாக உதவும். கோவையிலும் ஈரோட்டிலும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும். சமையல் பாத்திரத்தைத் தொடாமல் தனிக் கண்ணாடிக் குழாய்களும் ஒரு பழைய சட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ச்சுக்கு அயோடின். மருந்துக் கடையில் காயத்துக்கு வாங்கும் அயோடின் டிங்சரைத் தண்ணீரில் நீர்க்க வைத்தாலே போதும். பொருளைத் தண்ணீரில் கலந்து கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலம் வந்தால் ஸ்டார்ச் இருக்கிறது. சூட்டோடு செய்தால் நிறம் வராது, வந்தாலும் மறைந்துவிடும். நாட்டுச்சர்க்கரையைக் கரைத்துச் சோதித்துக் கருநீலம் வந்தால் யாரோ மாவு கலந்திருக்கிறார்கள். பாலில் வந்தாலும் அதே கதைதான்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. மஞ்சள்தூளில் அயோடின் விட்டு, நீலம் வந்ததும் கலப்படம் என்று முடிவு கட்டுகிறார்கள். மஞ்சள் ஒரு கிழங்கு, அதன் உள்ளேயே ஸ்டார்ச் நிறைய உண்டு. சுத்தமான மஞ்சளிலும் நீலம் வரும். ஜவ்வரிசிக்கும் அப்படித்தான், குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்சிலேயே செய்தது அது. இந்தச் சோதனையை வைத்து யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். நீலநிறத் திரவம். 2 மில்லி எடுத்து அதில் 1 மில்லி உங்கள் கரைசலை விட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் குழாயை 5 நிமிடம் வையுங்கள். சர்க்கரை கொஞ்சமாக இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. இது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், மால்டோஸ் போன்றவற்றை மட்டும்தான் காட்டும். வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து விட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டுச் சூடாக்கி, ஆறியதும் சமையல் சோடா போட்டு நுரை நிற்கும் வரை அமிலத்தைத் தணித்து, அதற்குப் பிறகு பெனடிக்ட் சேர்க்க வேண்டும்.

முளைகட்டிய ராகி விற்கிறவர்கள் இதை ஒரு முறை கட்டாயம் செய்து பாருங்கள். முளை கட்டாத ராகிமாவு ஒரு குழாயில், முளைகட்டியது ஒரு குழாயில். முளைக்கும்போது தானியத்துக்குள் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்து மால்டோஸ் ஆக்குகிறது. அதனால் இரண்டாவது குழாயில் நிறம் நன்றாக ஏறும். ஒரு சிட்டிகைகூடச் சர்க்கரை சேர்க்காமலேயே உங்கள் ரிப்போர்ட்டில் மொத்தச் சர்க்கரை என்று ஒரு எண் வருவது இதனால்தான். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

புரதத்துக்கு பையூரெட் சோதனை. பாசிப்பயறு மாவைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரில் காஸ்டிக் சோடா கரைசலைச் சம அளவு விட்டு, ஒரு சதவீத மயில்துத்த (காப்பர் சல்ஃபேட்) கரைசலை இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். சூடாக்கக் கூடாது. ஊதா நிறம் வரும். மயில்துத்தம் அதிகமாகிவிட்டால் அதன் நீலமே ஊதாவை மூடிவிடும். ராகி நீர் பழுப்பாக இருப்பதால் அதில் பார்ப்பது கஷ்டம், பயறில் பாருங்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கொழுப்புக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். கடலையை நசுக்கித் தேய்த்து, தாள் காய்ந்த பிறகும் வெளிச்சம் ஊடுருவும் கறை நின்றால் கொழுப்பு.

4. ஆய்வகத்தில் நடப்பது என்ன

இதைத் தெரிந்துகொண்டு போனால் கவுண்டரில் கேள்வி கேட்க முடியும்.

ஈரம்: மாவை எடை போட்டு, 105 டிகிரி அளவில் அடுப்பில், எடை இதற்கு மேல் குறையாமல் நிற்கும் வரை காய வைத்து, குறைந்த எடையைக் கணக்கிடுவார்கள். சாம்பல்: 550 டிகிரி சூட்டில் எரித்து மிஞ்சும் தாதுப்பொருளை எடை போடுவார்கள். கொழுப்பு: சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் பெட்ரோலியம் ஈதரை மாவின் வழியாக மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட விட்டுக் கரைத்து எடுப்பார்கள்.

புரதம்தான் கவனிக்க வேண்டியது. கெல்டால் முறையில் அடர் கந்தக அமிலத்தில் மாவைக் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிரித்து அளப்பார்கள். அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அல்ல. பிறகு அதை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். பொதுவாக 6.25. கோதுமை மாவுக்கு 5.7, நிலக்கடலைக்கு 5.46, பாலுக்கு 6.38 என்று தனித்தனி எண்களும் புழக்கத்தில் உண்டு. உங்கள் மாவில் நைட்ரஜன் 2 சதவீதம் என்றால், 6.25-ஆல் பெருக்கினால் புரதம் 12.5, 5.7-ஆல் பெருக்கினால் 11.4. மாவு ஒன்றுதான், புரதம் 1.1 கிராம் குறைகிறது, கார்போஹைட்ரேட் அதே 1.1 கிராம் கூடுகிறது. இரண்டு ஆய்வகங்களின் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுவிட்டு ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பதற்கு முன், இரண்டு பேரும் எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று கேளுங்கள்.

காளான் பொடி, காளான் சூப் மிக்ஸ் செய்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். காளானின் செல்சுவரில் உள்ள கைட்டினிலும் நியூக்ளிக் அமிலங்களிலும் புரதமல்லாத நைட்ரஜன் நிறைய இருக்கிறது. அதனால் காளானுக்கு 4.38 என்ற எண்ணைப் பயன்படுத்துவார்கள். 6.25-ஆல் பெருக்கிய ரிப்போர்ட் புரதத்தை மிகையாகக் காட்டும். சந்தோஷப்பட்டு லேபிளில் ஏற்றிவிடாதீர்கள்.

நார்ச்சத்தில் இரண்டு வகைச் சோதனை உண்டு, இதில் பணம் வீணாக்கியவர்கள் ஏராளம். கச்சா நார் என்பது மாவை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்த பிறகு மிஞ்சுவது. விலை குறைவு, ஆனால் அந்தக் கொதிப்பில் நாரின் பெரும்பகுதி கரைந்து போய்விடும். உணவு நார் என்பது நொதிகளைக் கொண்டு, நம் குடல் செரிப்பதைப் போலச் செரிக்க வைத்து அளப்பது. ராகிக்குக் கச்சா நார் மூன்றரை கிராம் அளவில் வரும், உணவு நார் 11 கிராம் அளவில் வரும். லேபிளுக்கு வேண்டியது உணவு நார். விலைப்பட்டியலில் வெறுமனே நார் என்று இருந்தால் எது என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

5. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் உள்ளதா, உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் பட்டியல்கள் அந்தந்தத் தளங்களிலேயே இருக்கின்றன. தரகர் வாட்சப்பில் அனுப்பும் சான்றிதழ் படத்தை நம்ப வேண்டாம்.

ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. எந்தெந்த உணவில் எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று ஒரு இணைப்புப் பட்டியல் இருக்கும். தண்ணீர் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய இடத்தில் மாவைக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் என்ஏபிஎல் முத்திரை இல்லையே என்று பிறகு கேட்பதில் பயனில்லை. தானியப் பொருளில் புரதம், கொழுப்பு, உணவு நார், சர்க்கரை உங்கள் பட்டியலில் உள்ளதா என்று முதலிலேயே கேளுங்கள்.

கோவையில் தனியார் ஆய்வகங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்பப் பிரிவிலும் விசாரிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அங்கே பேசிப் பார்ப்பதே பெரிய உதவி. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நாடறிந்த இடம். சத்தியமங்கலம், கோபி பக்கம் இருப்பவர்களுக்குத் திம்பம் வழியாக அது ஒன்றும் தொலைவில்லை. கோவையிலும் சேலத்திலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருந்தாலும், அவற்றின் முதல் வேலை அதிகாரிகள் எடுத்து வரும் மாதிரிகளைப் பார்ப்பது. லேபிள் அட்டவணைக்கு மற்ற இடங்களே சுலபம்.

6. என்ன கேட்பது, எவ்வளவு ஆகும்

லேபிளுக்கு வேண்டியவை: ஆற்றல், புரதம், கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம். உணவு நாரையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஈரம், சாம்பல், புரதம், கொழுப்பு என்ற அடிப்படைச் சோதனைகள் மட்டும் என்றால் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். நிறைவுற்ற கொழுப்புக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற இயந்திரம் வேண்டும், உணவு நாருக்கு நொதி வேண்டும். இவை சேர்ந்து முழுத் தொகுப்பு என்றால் நான் கேட்ட இடங்களில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை சொன்னார்கள். இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 6,000 ரூபாய் என்று சொன்னால் கையில் 7,080 ரூபாய் வைத்துக்கொண்டு போங்கள். மூன்று இடத்திலாவது எழுத்தில் விலை கேளுங்கள். ஒவ்வொரு சோதனையாகச் சேர்த்தால் ஒரு தொகை, ஊட்டச்சத்துத் தொகுப்பு என்று கேட்டால் வேறு தொகை வரும். தொகுப்புதான் பெரும்பாலும் மலிவு. ஆனால் அதில் கச்சா நாரா, உணவு நாரா என்பதை மறக்காமல் பாருங்கள்.

சேர்த்த சர்க்கரையை ஆய்வகம் கண்டுபிடித்துத் தரும் என்று காத்திருக்காதீர்கள். கரும்பிலிருந்து வந்த சுக்ரோஸும் தானியத்தில் இருந்த சுக்ரோஸும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். அந்த எண் உங்கள் கலவைத் தாளிலிருந்து வர வேண்டும். நாட்டுச்சர்க்கரை சேர்த்தால் அதுவும் சேர்த்த சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரையில் கொஞ்சம் ஈரமும் தாதுவும் இருப்பதால் எடை முழுவதையும் சர்க்கரையாகக் கணக்கிட வேண்டியதில்லை. எப்படியும், சேர்த்த சர்க்கரை மொத்தச் சர்க்கரையை விட அதிகமாக வரவே கூடாது. வந்தால் உங்கள் தாளிலோ ஆய்வகத்திலோ பிழை.

7. மாதிரி எடுப்பது

ஆய்வகம் கையில் எடுப்பது சில கிராம் மாவு. அந்தச் சில கிராம் உங்கள் மொத்த மாவுக்கும் பேச வேண்டும்.

வறுத்து அரைத்த மாவு முழுக்க ஆறட்டும். ஒரே அரைப்பில் வந்த மாவில் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து அள்ளி, சுத்தமான தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலு பாகமாகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு பாகங்களை மட்டும் சேர்த்து மறுபடி கலந்து பிரியுங்கள். ஒரு கிலோ வரும் வரை இப்படிக் குறைத்து, நீங்கள் விற்கும் அதே கவரில் போட்டு ஒட்டுங்கள். அரைக்கிலோ கவர் இரண்டு போடுவது நல்லது. ஒன்றை அனுப்பி, ஒன்றை உங்களிடம் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் அதிலிருந்து மறுபடி சோதிக்கலாம்.

மில்லில் முதலில் விழும் மாவை அனுப்பாதீர்கள். உங்களுக்கு முன்னால் மிளகாயோ கோதுமையோ அரைத்திருந்தால் அதன் மிச்சம் அதில்தான் இருக்கும். "ஏனுங்க, முதல் ரெண்டு கிலோவை ஒதுக்கிப் போட்டுடுங்க" என்று மில்காரரிடம் சொல்லிவிட்டு அரையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாவு ஈரம் குடிக்கும். 6 சதவீத ஈரத்தில் புரதம் 12.5, கார்போஹைட்ரேட் 73 என்று இருக்கும் மாவைத் திறந்து வைத்து ஈரம் 10 ஆகிவிட்டால், புரதம் 12-க்கும் கார்போஹைட்ரேட் 70-க்கும் இறங்கிவிடும். சத்து எங்கேயும் போகவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. அரைத்து ஆறிய அன்றே ஒட்டி, மறுநாளே அனுப்புங்கள்.

சோதனைக்கென்று தனியாக, அழகாக ஒரு மாவு செய்து அனுப்புகிறவர்களும் உண்டு. கடலையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு அனுப்பினால் புரதம் ஏறத்தான் செய்யும். கடைக்கு வரும் பாக்கெட்டை அதிகாரி எடுத்துச் சோதித்தால் எண் ஒத்துப்போகாது, அப்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

8. படிவமும் காகிதங்களும்

ஆய்வகத்தில் ஒரு கோரிக்கைப் படிவம் தருவார்கள். பலர் அதை அவசரமாக நிரப்பிவிட்டு ரிப்போர்ட்டைத் திருத்த மறுபடி போகிறார்கள். இவற்றைக் கையில் எழுதி எடுத்துப் போங்கள்:

- பொருளின் பெயர், லேபிளில் வரப்போகும் அதே எழுத்துகளில். லேபிளில் ராகி ஹெல்த் மிக்ஸ், ரிப்போர்ட்டில் சத்துமாவு என்றிருந்தால் கடைக்காரர்களும் இணைய விற்பனைத் தளங்களும் ஏற்க மாட்டார்கள்.
- நிறுவனப் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு எண், இருந்தால் ஜிஎஸ்டி எண்.
- பேட்ச் எண் (ஒரே தடவையில் செய்த மாவுக்கு நீங்கள் கொடுக்கும் எண்), தயாரித்த தேதி, எடை.
- பொருள்களின் பட்டியல். பால்பவுடர் சேர்த்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், கொலஸ்ட்ரால், கொழுப்பு முறை எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.
- எந்தெந்தச் சோதனை, முடிவு 100 கிராமுக்கு வேண்டும் என்ற குறிப்பு.

பணம் கட்டிய ரசீதோடு மாதிரி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் வர ஏழிலிருந்து பத்து வேலைநாள் என்று வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் வேறு ஊரில் இருந்தால் இன்னும் தள்ளும். தீபாவளி, பொங்கல் விற்பனையை நினைத்து இறங்குகிறவர்கள் குறைந்தது ஒன்றரை மாதத்துக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டுக்குப் பிறகு லேபிள் வடிவமைப்பு, அச்சு எல்லாம் இருக்கிறது.

9. ரிப்போர்ட் வந்ததும்

முதலில் முத்திரை, ரிப்போர்ட் எண், கையெழுத்து, பெயர், முகவரி. சில சோதனைகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்து, கீழே இது அங்கீகார எல்லைக்குள் வராது என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள்.

பிறகு கூட்டல். ஈரம் 6, புரதம் 12.5, கொழுப்பு 6, சாம்பல் 2.5, கார்போஹைட்ரேட் 73. கூட்டினால் 100 வர வேண்டும். ஈரமும் சாம்பலும் லேபிளுக்கு வேண்டாம் என்று ரிப்போர்ட்டில் விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்கினால்தான் இந்தச் சரிபார்ப்பைச் செய்ய முடியும்.

அடுத்தது ஆற்றல். புரதம் கிராமுக்கு 4 கிலோகலோரி, கார்போஹைட்ரேட் 4, கொழுப்பு 9. மேலே சொன்ன மாவுக்கு 50 + 292 + 54, அதாவது 396. ஆனால் அந்த 73-க்குள் உணவு நாரும் அடங்கியிருக்கிறது. நார் 11 கிராம் என்று தனியாக அளந்திருந்தால், செரிக்கும் கார்போஹைட்ரேட் 62 மட்டும். நாருக்குக் கிராமுக்கு 2 என்று போட்டால் 50 + 248 + 54 + 22, மொத்தம் 374. இரண்டில் எந்த வழியில் ஆய்வகம் கணக்கிட்டது என்று கேட்டு, கார்போஹைட்ரேட் வரியையும் ஆற்றல் வரியையும் ஒரே வழியில் போடுங்கள். கார்போஹைட்ரேட் 62 என்று ஒரு வரியும் ஆற்றல் 396 என்று இன்னொரு வரியும் இருந்தால் விவரம் தெரிந்த யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக, இரண்டாம் படியில் போட்ட தோராயக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு கிராம் வித்தியாசம் இயல்பு, தானியம் மண்ணுக்கு மண், ரகத்துக்கு ரகம் மாறும். பெரிய வித்தியாசம் என்றால் எடுத்து வைத்த இரண்டாவது கவரோடு போய்க் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல ஆய்வகங்கள் மறுபடி பார்த்துத் தருவார்கள்.

10. லேபிளில் ஏற்றுவது

100 கிராமுக்கான எண்களோடு, ஒரு வேளை அளவு எவ்வளவு, அது நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். விதிமுறையின் அடிப்படை 2,000 கிலோகலோரி, கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22, டிரான்ஸ் 2, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 30 கிராம் மாவு என்றால் 396-இல் அது 119 கிலோகலோரி, நாள் தேவையில் 6 சதவீதம்.

கடலை, கோதுமை, பாதாம், முந்திரி, பால்பவுடர், சோயா எது இருந்தாலும் ஒவ்வாமை எச்சரிக்கை தனியாக வர வேண்டும். இது அட்டவணையை விட முக்கியம். கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.

முன்பக்கத்தில் போடும் வாசகங்களில் அடக்கம் வேண்டும். நார்ச்சத்து நிறைந்தது என்று போட 100 கிராமில் 6 கிராமாவது இருக்க வேண்டும். கச்சா நார் மட்டும் சோதித்தவரால் இதைப் போட முடியாது, உணவு நார் சோதித்தவர் அதே மாவுக்குத் தாராளமாகப் போடலாம். புரதம் நிறைந்தது என்பதற்கு நாள் தேவையில் 20 சதவீதம் 100 கிராமில் இருக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரையோ தேனோ பேரீச்சம்பழப் பாகோ சேர்த்துவிட்டு, சர்க்கரை சேர்க்காதது என்று போடக் கூடாது. சர்க்கரை நோய் குணமாகும், ரத்த அழுத்தம் இறங்கும் என்றெல்லாம் எழுதவே கூடாது. பக்கத்துக் கடையில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

ரிப்போர்ட் கைக்கு வரும் முன்பு அச்சடித்த கவர் ஆர்டர் செய்யாதீர்கள். நிறத்துக்கு ஒன்றாக அச்சு உருளை, அதாவது சிலிண்டர், செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரும் கிலோ கணக்கில் இருக்கும். ஒரு எண் மாறினாலும் எல்லாம் குப்பை. முதல் சில மாதம் வெற்றுக் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றுப் பாருங்கள். கலவை நிலைத்து, ஆட்கள் திரும்ப வாங்க ஆரம்பித்ததும் சிலிண்டருக்குப் பணம் போடலாம்.

ரிப்போர்ட், கலவைத் தாள், ரசீது, எடுத்து வைத்த மாதிரி கவர் நான்கையும் ஒரே பெட்டியில் பேட்ச் எண் போட்டு வையுங்கள். உரிமம் வாங்கிய தயாரிப்பாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தங்கள் பொருளைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. சிறு பதிவில் இருப்பவர்களும் கலவை மாறினால், மில் மாறினால், வறுப்பதை விட்டு முளைகட்ட ஆரம்பித்தால் அட்டவணையை மறுபடி சோதித்துவிடுங்கள். அப்போது முழுத் தொகுப்பும் தேவைப்படாது. கடலையின் அளவு மாறவில்லை என்றால் கொழுப்பு வகைகளை விட்டுவிட்டு ஈரம், சாம்பல், புரதம், கொழுப்பு, சர்க்கரை மட்டும் கேட்டால் போதும், பாதிச் செலவில் முடிந்துவிடும்.